மாலைதீவுச் சல்லி: எங்கள் நாலு பேரின் கணக்கு



போன கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிப் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து மூன்று வருடம். நியமனம் இல்லை. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்.

"சேர், மாலதீவுக்குப் போனா மாசம் எவ்வளவு மிஞ்சும்? உண்மையச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் குத்தியது. திரும்பி வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டிருந்தோம். கேட்பவர்களும் நம் வீட்டு வாசலில் நிற்கும் மண் கும்பத்தையும் கல் அடுக்கையும் பார்த்துவிட்டு அவர்களாகவே ஒரு தொகையை முடிவு செய்துகொள்வார்கள். இந்த ஊரில் எங்களைப் பற்றி உலவும் தொகைகளைக் கேட்டால் எங்களுக்கே ஆசையாக இருக்கிறது.

எனவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம். நாங்கள் நாலு பேர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் உள்ள ஊர்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் கொமர்ஸ், ஒருவர் ஆங்கிலம். 2023 ஜனவரியில் போனோம், 2025 டிசம்பரில் வந்தோம். ஒரே தீவு, ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை. நாலு பேரும் வாசித்து, வேண்டாம் என்றதை வெட்டி, வேண்டும் என்றதைச் சேர்த்த பிறகுதான் இதைப் போடுகிறோம்.

ஏன் போனோம் என்பதை நீட்ட வேண்டியதில்லை. 2022ஐ எல்லோரும் பார்த்தவர்கள்தான். மார்ச் மாதத்துக்கு முதல் டொலர் இருநூறு ரூபா. மே மாதம் முன்னூற்று அறுபது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்று அறிவித்தார்கள். எங்களில் இருவருக்கு இடர்கடன், வங்கிக் கடன் வெட்டுகள் எல்லாம் போகக் கையில் வந்தது முப்பதாயிரம் ரூபா. கணக்கு சேர் ஒரு நாள் சம்பளத் துண்டைப் பால்மாப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அந்த ஜூன் மாதம்தான் 14/2022 சுற்றுநிருபம் வந்தது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது. ஆனால் மாதாமாதம் தரத்திற்கு ஏற்ப ஒரு டொலர் தொகையை வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த நிபந்தனையைக் கையெழுத்து வைக்கும்போது யாரும் சரியாக வாசிக்கவில்லை. பிறகு வாசித்தோம்.

மாலைதீவு என்றால் கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் போதும். மார்க்கம் ஒன்று, சோறும் மீனும்தான் சாப்பாடு, பாங்கு கேட்கும், வெள்ளியும் சனியும் லீவு. கட்டாருக்கோ சவூதிக்கோ போவதைப் போல இல்லை, பக்கத்து வீடு மாதிரி என்று நினைத்தோம். மாலேயில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து உள்ளூர் விமானம், அதற்குப் பிறகு ஸ்பீட் போட், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அந்த நாட்டின் உள்ளே போகிற தூரமும் செலவும்தான் பெரியது. தீவின் ஒரு முனையில் நின்று மறுமுனைக்கு நடக்கப் பதினைந்து நிமிடம்.

முதல் இரண்டு மாதமும் சம்பளம் இல்லை. வேலை அனுமதி அட்டை வரவேண்டும், அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு, அதற்குப் பிறகுதான் சம்பளம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவரிடம் இரண்டு இலட்சம் வாங்கிய முகவரும் சொல்லவில்லை. மற்ற மூவரும் வெற்றிட விளம்பரத்தைப் பார்த்து நேரடியாக விண்ணப்பித்தவர்கள். வேலையும் சம்பளமும் நாலு பேருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டு இலட்சம் எதற்குப் போனது என்று இன்றுவரைக்கும் விளங்கவில்லை. போகிறவர்கள் கையில் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு டொலர் வைத்துக்கொண்டு போங்கள். நாங்கள் தீவுக் கடைக்காரரின் கொப்பியில் பெயர் எழுதித்தான் அரிசி வாங்கினோம். முகம் தெரியாத நாலு பேருக்கு அவர் கடன் தந்தார். அவர் ஹயாத்தில் அல்லாஹ் பரகத் செய்யட்டும்.

இப்போது கணக்கு. எங்கள் சம்பளம் கையில் மாதம் 14,500 ருஃபியா. வீட்டுக் கொடுப்பனவு தனியாக 3,000. நாலு பேரும் சேர்ந்து 8,000க்கு ஒரு வீடு எடுத்தோம், ஆளுக்கு 2,000. மிஞ்சிய ஆயிரத்தில் கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் மட்டுமட்டாகப் போகும். ஏசி போட்ட மாதம் போகாது. ஏசி போட்டது கொமர்ஸ் சேர் என்று மற்ற மூவரும் சொல்கிறோம், அவர் மறுக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பொதுப் பானைக்கு ஆளுக்கு 1,500. அங்கே அரிசி, மா, சீனி மூன்றுக்கும் அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, அதனால் மலிவு. மீனுக்குக் குறைவில்லை. ஆனால் மரக்கறி எல்லாம் கப்பலில் வருவது. ஒரு கிலோ தக்காளியின் விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்த அன்று விஞ்ஞான சேர், இனி யாரும் எந்தச் சாமானையும் ரூபாவுக்கு மாற்றிப் பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டார். அது நல்ல சட்டம். மாற்றிப் பார்த்தால் பிளேன்டீ கூடத் தொண்டைக்குள் இறங்காது. சூரையை வெட்டிப் பாதியைக் கறி வைத்து, பாதியை அவர்களைப் போலவே உப்புத் தண்ணீரில் அவித்துக் கருதியாவாகக் குடிக்கப் பழகினோம். காலையில் ரொஷியும் மஸ்ஹுனியும். நம் ஊரில் மாசியைச் சம்பலுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறோம். அங்கே மாசி வாடுகிற வாடையில்தான் பாடசாலைக்கே போவோம். கடலுக்குப் போய் வந்த பெற்றோர் சில நாள் வாசலில் ஒரு முழு மீனைத் தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அந்த நாட்களைப் பொதுப் பானைக் கொப்பியில் "மீன்: அல்லாஹ் தந்தது" என்று எழுதுவோம்.

போனுக்கு 350, சவர்க்காரம், மருந்து, உடுப்பு, தலைமயிர் வெட்டு என்று ஒரு 500. மருந்து என்றால் பனடோல். பல்வலியை எல்லாம் லீவுக்கு ஊருக்கு வரும்வரை வைத்துக்கொள்வோம். அங்குள்ள மக்களுக்கு அரசாங்க வைத்திய உதவி இருக்கிறது, வெளிநாட்டவருக்கு அது கிடையாது. விஞ்ஞான சேர் ஐந்து மாதம் ஒரு பக்கத்தால் மென்றார்.

ஆக ஏறக்குறைய 12,000 ருஃபியா மிச்சம். இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கைப் பிழையாகப் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம். அங்கே டொலரின் அரசாங்க விலை 15.42 ருஃபியா. 12,000ஐ 15.42ஆல் பிரித்தால் 778 டொலர். அதை அன்றைய முன்னூற்று அறுபதால் பெருக்கினால் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. இந்தத் தொகையைத்தான் விமானம் ஏற முதல் வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம்.

ஆனால் அந்த விலைக்கு டொலர் கிடைக்க வேண்டுமே. அந்த நாட்டில் டொலர் உழைப்பவை ஹோட்டல் தீவுகள். எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் ருஃபியாவில். வங்கி மாதத்துக்கு ஒரு சிறு தொகையைத்தான் அந்த விலைக்குத் தரும். சுற்றுநிருபத்துக்கு அனுப்ப வேண்டியதற்கே அது சரி. மிச்சத்துக்கு வெளியே வாங்க வேண்டும். நாங்கள் போன காலத்தில் வெளியே 17.40 அளவில் இருந்தது. கணக்கு லேசாக இருக்க முழுவதையும் அந்த விலைக்கே போட்டால் 690 டொலர், 248,000 ரூபா. அது முதல் இரண்டு மூன்று மாதம். 2023 நடுவில் இலங்கை ரூபா தேறி முன்னூறுக்குக் கிட்ட வந்துவிட்டது. நாட்டுக்கு நல்லது, எங்களுக்கு 207,000. கடைசிக் காலத்தில் அங்கே வெளி விலை 19க்குக் கிட்டப் போனது. அதே பன்னிரண்டாயிரம் ருஃபியா, இப்போது 189,000. மூன்று வருடத்தில் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை, அனுப்புகிற சல்லி மட்டும் மாதத்துக்கு அறுபதாயிரம் குறைந்துவிட்டது. ரூபா தேறிய செய்தியை ஊரில் சந்தோஷமாகப் பகிர்ந்தீர்கள். நாங்கள் நாலு பேரும் அறையில் இருந்து அதை லைக் பண்ணுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தோம்.

இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது வந்து சேரும் இடம் ஒரு வீடு. மனைவி, மூன்று பிள்ளைகள், வகுப்புக் காசு, வேன் காசு, உம்மாவின் மருந்து, எண்பதிலிருந்து தொண்ணூறாயிரம். இங்கே சம்பளத்தில் தானாக வெட்டுப்பட்ட கடன்கள் சம்பளமற்ற விடுமுறையில் தானாக வெட்டுப்படாது, கையால் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பிணை நின்ற சக ஆசிரியருக்குக் கடிதம் போகும். எங்களில் ஒருவருடைய தவணை இரண்டு மாதம் பிந்தி, பிணை நின்ற சேர் அதிபர் அறைக்குக் கூப்பிடப்பட்ட கதையும் உண்டு. அவரிடம் இப்போதும் முகம் கொடுத்துக் கதைக்கக் கூச்சமாக இருக்கிறது. கடனுக்கு ஒரு முப்பதாயிரம் போனால் மிச்சம் எண்பது. அதிலும் வருடம் ஒருமுறை ஊருக்கு வந்து போக விமானம், போட், கொழும்பிலிருந்து ஊருக்கு வேன், கொண்டுவரும் சொக்லட், டின் மீன், சென்ட் போத்தல்கள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மாத மிச்சம் முழுவதும் காலி.

தம்பி, உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: மாதம் எழுபதாயிரம், எழுபத்தைந்தாயிரம். உங்களுக்குக் கடனும் இல்லை, குடும்பமும் இல்லை என்றபடியால் உங்களுக்கு இதைவிட நல்லாக மிஞ்சும். ஆனால் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

கடன் கேட்டவர்களைப் பற்றியும் ஒரு வரி. முதல் வருடம் நாலு பேரின் போனிலும் வொயிஸ் மெசேஜ் நிறைந்து கிடந்தது. கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. 2023இல் ஊரில் யாரிடம்தான் சல்லி இருந்தது? கொடுத்தோம். சிலது வந்தது, சிலது வரவில்லை. வராததை ஹலாலாக்கிவிட்டோம் என்று கணக்கு சேர் சொல்லச் சொல்கிறார். கொமர்ஸ் சேர் தன் பெயரில் அப்படிப் போட வேண்டாம் என்கிறார்.

கொமர்ஸ் சேருக்கு அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. உண்டியல் விஷயம். வெளியில் டொலர் வாங்கி, அதை வங்கியால் அனுப்பி, கட்டணம் கட்டி, மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தீவில் ஒருவரிடம் ருஃபியாவைக் கொடுத்தால் அன்று மஃரிபுக்கு முதல் ஊரில் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே ரூபா வரும். விலையும் கொஞ்சம் கூட. எங்களில் எல்லோரும் ஒரு தடவையாவது கொடுத்தவர்கள்தான், மறைக்கவில்லை. நாட்டில் டொலர் இல்லாமல் பெற்றோல் கியூவில் மனிதர்கள் செத்து ஒரு வருடம் ஆகவில்லை, உண்டியலால் அனுப்பும் சல்லியில் ஒரு டொலரும் நாட்டுக்குள் வராது என்பதைக் கொமர்ஸ் சேரே உயர்தர வகுப்பில் படிப்பித்திருப்பார். ஆனாலும் கொடுத்தோம். நாலைந்து தடவை ஒழுங்காக வந்தது. பிறகு வீட்டுக்கு பிளேட் போடவென்று மூன்று மாதச் சம்பள மிச்சத்தைச் சேர்த்து 36,000 ருஃபியாவை ஒரேயடியாகக் கொடுத்தார். அன்று மஃரிப் ஆனது, இஷா ஆனது, மோட்டார் சைக்கிள் வரவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் தீவிலேயே இல்லை. பொலிஸுக்குப் போய் என்ன சொல்வது? செய்ததே சட்டத்துக்கு மாறான வேலை. மனைவிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சேர் இரண்டு கிழமை "வங்கியில் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் கொங்கிறீட் போட வந்த பாஸும் ஆட்களும் திரும்பிப் போனார்கள். அந்த வீட்டின் கம்பிகள் ஒரு மாரி முழுவதும் மழையில் நனைந்து சிவந்தன. அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், காரணம் தெரிந்திருக்காது.

கணக்கு சேருக்கு மூத்தது மகள், பதினான்கு வயது. நம் பகுதியில் பெண்பிள்ளை பிறந்த அன்றே வளவு தேட வேண்டும் என்பதை வேறு ஊர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம், உங்களுக்கு விளங்கும். அது சரியா பிழையா என்று குத்பாக்களில் கேட்டிருக்கிறோம், தலையாட்டியும் இருக்கிறோம். ஆனால் தலையாட்டிய நாலு பேரும் வீட்டுக்குத்தான் சல்லி சேர்த்தோம். கணக்கு சேர் ஒரு சதமும் கையில் வைக்கவில்லை. அனுப்பியது எல்லாம் அந்தந்த மாதமே கல்லாகவும் மண்ணாகவும் சீமெந்தாகவும் மாறியது. சல்லியாக வைத்தால் யாராவது கேட்பார்கள், சீமெந்தை யாரும் கடன் கேட்கமாட்டார்கள் என்பது அவர் சூத்திரம். மூன்று வருடத்தில் அத்திவாரத்திலிருந்து பிளேட் வரை வந்துவிட்டது. கதவு, யன்னல், வயரிங், பூச்சு ஒன்றும் இல்லை. வங்கியில் அவர் வந்திறங்கிய அன்று இருந்தது பதினோராயிரம் ரூபா.

அந்த வீட்டைக் கட்டியது சேர் இல்லை என்று அவரே சொல்கிறார். அவர் மனைவியிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. நாங்கள் லீவில் வந்தபோது பார்த்தோம். கல் எத்தனை வந்தது, எத்தனை உடைந்தது, பாஸ் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார், எல்லாம் இருந்தது. தன் வீட்டுச் செலவை எண்பதிலிருந்து அறுபத்தைந்துக்குக் குறைத்து அந்தப் பதினைந்தையும் சேருக்குத் தெரியாமல் கம்பிக்குப் போட்டிருக்கிறார். அங்கே பானையைச் சுரண்டி 200 ருஃபியா மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் இது நடந்திருக்கிறது. மாலைதீவில் சேமித்தவர்கள் என்று எங்களைச் சொல்வதைவிட இங்கே இருந்த நாலு பெண்களைச் சொல்வது சரியாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு ஒரு மணிக்கு யாருடைய ஓட்டோவில் போவது என்பது வரை அவர்கள் தனியாகத்தான் பார்த்தார்கள்.

விஞ்ஞான சேர் தங்கம் வாங்கினார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவி போய் ஒரு பவுண். 2023இல் ஒன்றரை இலட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கியது, 2025 முடியும்போது மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தங்கக் கடைக்கு ஓட வேண்டாம். அவர் ஏதோ கெட்டித்தனத்தால் வாங்கவில்லை. வட்டிக்கு வைக்க மனமில்லை, வங்கியை நம்பவும் மனமில்லை, அவ்வளவுதான். அதுவும் பாதியைத் தங்கையின் கலியாணத்துக்கு 2024இலேயே விற்றுவிட்டார். விலை ஏறியதைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்போம்.

இனி ஆங்கில சேர். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, எழுதுங்கள், தம்பிமார் தெரிந்துகொள்ளட்டும் என்றார்.

எங்களில் ஆகக் கூடுதலாக மிச்சம் பிடித்தவர் அவர்தான். 26 இலட்சம். ஒரு சதமும் உண்டியலில் போகவில்லை, ஒரு சதமும் வட்டியில் இல்லை, இஸ்லாமிய முறை வங்கிக் கணக்கில் இருக்கிறது. பின்னேரம் கடைக்கு ஹெதிகா தின்னப் போகும்போது வரமாட்டார். தனியாக ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். செலவை எழுதுவது வழக்கம், அவர் செலவழிக்காததை எழுதுவார். "செருப்பு வாங்கவில்லை 180." "ஹெதிகா 25." நாங்கள் அதைப் பார்த்துப் பகிடி பண்ணுவோம்.

இரண்டாவது வருட லீவு வந்தது. மற்ற மூவரும் டிக்கட் போட்டோம். அவர் போடவில்லை. போக வர எல்லாம் சேர்த்து 9,000 ருஃபியா. லீவுக்கு உம்மாவோடு கதைத்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது, ஒரே அறை.

"மன, எல்லாப் புள்ளைகளும் வாறாங்களாமே."

"டிக்கட் கூட உம்மா. அடுத்த லீவுக்கு வாறன். அந்தச் சல்லிய ஒங்களுக்கு அனுப்புறன்."

"எனக்குச் சல்லி ஒண்டும் வேணா மன. நீ ஒருக்கா வந்துட்டுப் போ."

நாங்கள் ஊருக்கு வந்தபோது அந்த உம்மாவைப் போய்ப் பார்த்தோம். இடியப்பம் அவித்துத் தந்தார். மகன் மெலிந்துவிட்டானா என்று மூன்று தடவை கேட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சுபஹோடு செய்தி வந்தது. கடல் கொந்தளிப்பு, மாலே போக போட் இல்லை. இருந்திருந்தாலும் எட்டியிருக்காது, லுஹருக்கு அடக்கிவிட்டார்கள். அவருடைய சகோதரி வீடியோவில் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றார். அன்று முதலாம் பாடம் அவருக்கு ஏழாம் வகுப்பு, போய்ப் படிப்பித்தார். நாங்கள் தடுத்தோம், கேட்கவில்லை. அஸருக்குப் பிறகு தீவுப் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதோம். நாலு பேர்தான் என்று நினைத்து நின்றோம், திரும்பிப் பார்த்தால் கடைக்காரர், இரண்டு மூன்று பெற்றோர், பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்று இரண்டு வரிசை நிறைந்திருந்தது.

அன்று இரவு அந்தச் சின்னக் கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தை எங்களிடம் காட்டினார். லீவு மாதத்துப் பக்கம். "டிக்கட் 9,000" என்று எழுதியிருந்தது. மாத முடிவில் கூட்டி, மொத்தத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். ஆகக் கூடுதலாக மிச்சம் பிடித்த மாதம் அதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கொப்பியில் அவர் எழுதி நாங்கள் காணவில்லை.

அவருடைய சேமிப்பால் இன்னொரு விஷயமும் படித்தோம், ஸகாத். மற்ற மூவருக்கும் சல்லி கையில் தங்கவில்லை, யோசிக்கவில்லை. அவருக்கு ஒரு ஹிஜ்ரி வருடம் தாண்டிக் கணக்கில் கிடந்தது. நிஸாபைத் தங்கத்தில் பார்த்தால் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். வெள்ளியில் பார்த்தால் 595 கிராம். தங்கத்தை வைத்தால் முதல் வருடம் அவருக்குக் கடமையாகவில்லை, வெள்ளியை வைத்தால் எப்போதோ கடமையாகிவிட்டது. ஊர் மௌலவியிடம் கேட்டு, வெள்ளியைக் கொண்டே கணித்து, இரண்டரை வீதம் பிந்திக் கொடுத்தார். வெளியில் இருந்து சேமிக்கிறவர்கள் முதலாவது பெரிய தொகை கையில் நின்ற திகதியை எழுதி வையுங்கள். பிறகு ஞாபகத்தில் இருந்து எடுக்க முடியாது. அவருக்கு எல்லாச் செலவும் எழுதிய கொப்பி இருந்தும் இந்தத் திகதி இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைக் கணக்கு சேர்தான் கட்டாயம் போடச் சொன்னார். அவர் போன பிறகு இங்கே அவருடைய பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புக்கு ஒன்றேகால் வருடம் கணித ஆசிரியர் இருக்கவில்லை. உடற்கல்வி சேர் போய் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் சாதாரண தரத்தில் கணிதம் எத்தனை பேருக்குப் போனது என்று அவருக்குத் தெரியும், பெயரோடு தெரியும். வந்து முதல் ஜும்ஆவில் ஒரு வாப்பா எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "சேர், ஒங்கட மகளுக்கு ஊடு எழும்பிட்டு. எங்கட மகனுக்குக் கணக்குப் போயிட்டு. அவனுக்கு என்ன சொல்றீங்க?" சேர் பதில் சொல்லவில்லை. இப்போது அந்தப் பையனுக்கும் அவனோடு சேர்த்து ஒன்பது பேருக்கும் வெள்ளி, சனி பின்னேரம் வகுப்பு நடக்கிறது, அந்தக் கதவில்லாத வீட்டின் பிளேட்டுக்குக் கீழேதான். காசு இல்லை. கதிரை இல்லாதபடியால் பாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இன்னும் யாருக்காவது பிள்ளையை அனுப்ப விருப்பம் என்றால் அனுப்புங்கள்.

பள்ளிப் படியில் கேட்ட தம்பிக்கு இதையெல்லாம் வாயாலும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், நான் போகத்தான் போறேன்" என்றார். போகட்டும், போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. முகவருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றோம், விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தோம். முதல் வருட லீவுக்கு டிக்கட் காசை இப்போதே தனியாக ஒதுக்கி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள், கேட்டாலும் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி வையுங்கள் என்றார் ஆங்கில சேர். வரும்போது எங்கள் ரைஸ் குக்கரையும் பெரிய பானையையும் அந்தக் கடைக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். அதே அட்டோலில் எந்தத் தீவு கிடைத்தாலும் போட்டில் போட்டு அனுப்புவார். குக்கரின் மூடி கொஞ்சம் நெளிந்திருக்கிறது, கல் ஒன்று வைக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.